கட்டானை அனுப்பிவிடுங்கள், தங்கச்சி

அன்புள்ள அக்கா,
குழுவாகச் சேர்ந்து பழைய போர்ட் கேம்களை மாற்றிக்கொண்டோம். நான் கொடுப்பதற்கு என் கட்டான் விளையாட்டைப் பதிந்தேன், பதிலுக்குக் கிடைத்தது டிக்கெட் டு ரைட். அதில் நீல ரயில் காய் இரண்டு குறைவு, பெட்டிக்குள் பூஞ்சண மணம். "பழசு என்றால் அப்படித்தான்" என்கிறார் தந்தவர். என்னுடையது அதிகம் பாவிக்காதது, பெறுமதியும் கூட. இது தீரும்வரை கட்டானைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா? கார்டுகளுக்கு உறை போட்டுத்தான் கொடுக்க வேண்டுமா?
வாசகி, தெஹிவளை

அன்புள்ள தங்கச்சி,

உறை உங்கள் விருப்பம். பெறுமதிக் கதையையும் விடுங்கள். கட்டானுக்குப் பதிலாக எதையெல்லாம் ஏற்பேன் என்று பட்டியல் கொடுத்தது நீங்கள், அதில் டிக்கெட் டு ரைட்டை எழுதியதும் நீங்கள். இப்போது விலை பேசினால் எப்படி?

நீல ரயிலுக்கும் அழ வேண்டாம். அந்த விளையாட்டில் ஒருவருக்கு 45 ரயில்தான் தேவை. நிறத்துக்கு மூன்று கூடுதலாகப் போட்டு 48 வைத்தே விற்கிறார்கள். இரண்டு தொலைந்தாலும் உங்களிடம் 46 இருக்கிறது.

பூஞ்சணம் வேறு விஷயம். நம் ஊர்க் கடற்காற்றில் ஒரு பெட்டியில் பிடித்தால் பக்கத்துப் பெட்டிக்கும் போய்விடும். பழசு என்பதை ஒத்துக்கொண்டுதான் எல்லோரும் சேர்ந்தீர்கள், சரி, ஆனால் "மணக்கிறது" என்று பதியும்போதே ஒரு வரி எழுத அவருக்கு என்ன கஷ்டம்? அதற்கு அவர் ஏச்சு வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் கட்டானைப் பிடித்து வைக்கிறேன் என்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யாரிடம் கணக்குத் தீர்க்கிறீர்கள்? உங்களுக்குப் பெட்டி தந்தவர் ஒருவர், உங்களிடம் வாங்க வேண்டியவர் இன்னொருவர். எல்லோருடைய பட்டியலையும் கணினியில் போட்டு, இவருடையது அவருக்கு, அவருடையது மற்றவருக்கு என்று வளையமாகக் கோத்துத்தானே இந்த மாற்று நடக்கிறது. கட்டானுக்குக் காத்திருக்கும் ஆள் தன் பெட்டியை இதற்குள் யாருக்கோ கொடுத்து முடித்திருப்பார். நீங்கள் நிறுத்தினால் வெறுங்கையோடு நிற்கப்போவது அவர்தான், பூஞ்சணக்காரர் அல்ல.

என் அம்மா கொட்டாஞ்சேனையில் சீட்டுப் பிடித்தவர். இதுவும் அதே மாதிரிதான். முன்னாலேயே சீட்டை எடுத்துவிட்ட ஒருத்தி திடீரென்று காசு கட்டுவதை நிறுத்தினாள். கேட்டால், "மச்சாள் எனக்குத் தரவேண்டியது வரட்டும் அக்கா, வந்ததும் கட்டுறன்." மச்சாள் ஏமாற்றியது உண்மைதான், தெருவுக்கே தெரியும். அம்மா சீட்டுக் கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியையும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். வந்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. கொப்பியை விரித்து, அந்த மாதம் சீட்டு எடுக்க வேண்டியவளின் பெயரில் விரலை வைத்தார். "பிள்ளையின்ர ஸ்கூல் காசுக்கு இவள் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். உன்ர மச்சாள் என்ர கொப்பியில இல்லை." அவ்வளவுதான் சொன்னார். அவள் அழுதாள், அம்மா அழவிட்டார், ஆனால் எழும்பவில்லை. கடைசியில் அலுமாரிக்குள்ளிருந்து காசு வந்தது. இதில் எனக்கு இன்றைக்கும் பிடித்தது, அடுத்த சீட்டிலும் அவளைச் சேர்த்தார் என்பதுதான், கடைசி ஆளாக.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது, மன்னியுங்கள்.

கட்டானைக் கொடுக்குமுன் எண்ணிவிடுங்கள். வளக் கார்டுகள் ஐந்து வகை, வகைக்கு 19, மொத்தம் 95. ஒன்று குறைந்தாலும், செம்மறிக் கார்டில் தேத்தண்ணீர்க் கறை இருந்தாலும் வாங்குபவருக்கு முதலே சொல்லுங்கள். தந்தவருக்கு ரயிலைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம், எழுதினால் "48-ல 46 இருக்குத்தானே" என்று அதையே பிடித்துக்கொண்டு நழுவுவார். பூஞ்சணத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பி, மாற்றை நடத்துபவரையும் அதில் சேர்த்துவிடுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் சரி, அந்த அட்டைப்பெட்டியை உங்கள் மற்றப் பெட்டிகளோடு அடுக்காதீர்கள். நீங்களே வைத்துக்கொள்வதென்று முடிவானால் காய்களையும் கார்டுகளையும் துடைத்துக் காயவைத்து சிப் பைகளில் போட்டுவிட்டு, பெட்டியைக் குப்பையில் போடுங்கள்.