ஹாரிஸ் பருந்தின் இறக்கை நுனி வீக்கம்

இறக்கை நுனி வீங்கிய உங்கள் ஹாரிஸ் பருந்தை இன்றிரவே உறைநிலைக்கு மேல் வெப்பமுள்ள, ஈரமில்லாத அறைக்கு மாற்றிவிட்டு, காலையிலேயே பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

யார்க்‌ஷயர் பனியில் ஒரே தோட்டத்தில் இருந்தும் கோஸ்ஹாக் என்ற உங்கள் மற்றொரு வேட்டைப் பறவை நலமாயிருக்க, இதற்கு மட்டும் இறக்கை நுனி வீங்கியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கோஸ்ஹாக் இங்கிலாந்தின் அந்தக் குளிருக்கே பழகிய உள்நாட்டுப் பறவை. ஹாரிஸ் பருந்தோ அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலங்களிலிருந்து அர்ஜென்டினா வரை வாழ்வது என்பதால், உறைபனி இரவில் தரையை ஒட்டிய கட்டையில் நனைந்து அமர்ந்திருந்தால் நுனியில் இரத்த ஓட்டம் குன்றி நீர் கோத்துக்கொள்ளக்கூடும்.

இறகுகளை விலக்கித் தொட்டுப் பாருங்கள். நுனி சில்லென்று, மெத்தென்று, கொப்புளத்தோடு இருந்தால் பெரும்பாலும் இதுதான். வறண்டு கறுத்திருந்தால் திசு செத்துக்கொண்டிருக்கிறது, பறக்க உதவும் இறக்கை நுனியின் நீண்ட இறகுகள் (முதன்மை இறகுகள்) மீண்டும் முளைக்காமலே போகலாம்.

அடிபட்டாலும் வீங்கும் என்பதால் மருத்துவர் பார்க்காமல் முடிவுகட்ட வேண்டாம். ஹீட்டரை நேராகக் காட்டவும் வேண்டாம்.