மனைக்கு முன்பணம் தருமுன் ஒரு குழி வெட்டிப் பாருங்கள்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிக்குக் கீழ்ப்புறம் அமைந்த புதிய மனைப்பிரிவில் 40-க்கு 60 அடி மனை ஒன்றை வாங்கவிருக்கிறோம். அங்கே பாதாளச் சாக்கடை வசதி இல்லை. “செப்டிக் டேங்க் கட்டி, பக்கத்தில் குழி வெட்டிச் சிமென்ட் உறை இறக்கினால் போதும்” என்கிறார் விற்பவர். பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்துவிட்டார். மண் ஒத்துவருமா என்பதை நாங்கள் எப்படி அறிந்துகொள்வது?

பதில்: செப்டிக் டேங்க் கசடைத்தான் தங்க வைக்கிறது, அதிலிருந்து வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். அந்த நீரை உள்வாங்கி வடிகட்ட வேண்டியது மண். மண் உறிஞ்சாவிட்டால் கழிவறையில் நீர் எதிர்த்து நிற்கும், மாதந்தோறும் லாரியை அழைக்க வேண்டியிருக்கும்.

ஏரிக்குக் கீழே என்கிறீர்கள். அது பெரும்பாலும் நஞ்சையாக இருந்திருக்கும். பழைய ஆவணங்களில் அந்த வகைப்பாடு உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆண்டாண்டு காலமாகச் சேற்றுழவு செய்த வயலில், மேல்மண்ணுக்கு அடியில் நீர் இறங்காத இறுகிய அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். அதன் மேல் மூன்றடி கிராவல் கொட்டிச் சமன்செய்துவிட்டால், பார்ப்பவருக்கு நல்ல மேட்டு நிலமாகவே தெரியும். இந்த நிரப்பு மண்ணில் ஊற்றிப் பார்க்கும் தண்ணீர் சட்டென்று இறங்குவதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

ஆகவே, உரிமையாளரின் அனுமதியோடு நிரப்பு மண்ணைத் தாண்டி, கழிவுநீர் ஊற வேண்டிய ஆழம் வரை ஓரடி அகலக் குழி வெட்டச் சொல்லுங்கள். வெட்டியெடுத்த மண்ணை ஈரத்தோடு கையில் உருட்டிப் பாருங்கள். உடையாமல் கயிறுபோல் நீண்டால் அது களி. குழியின் பக்கவாட்டில் சாம்பல் நிற மண்ணுக்கிடையே துருப்பிடித்தாற்போன்ற செம்மஞ்சள் திட்டுகள் தெரிந்தால், நீங்கள் பார்க்கும் அன்று மண் காய்ந்திருந்தாலும், மழைக்காலத்தில் நீர்மட்டம் அதுவரை ஏறி நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு விற்பவரின் வாக்கைவிட இந்தத் திட்டுகளின் மேல்தான் நம்பிக்கை.

பிறகு உறிஞ்சும் வேகத்தை அளக்க வேண்டும். குழியின் சுவரைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 செ.மீ. ஜல்லி பரப்பி, தண்ணீர் நிரப்பி, இரவு முழுதும் ஊறவிடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. நீர் நிற்கும்படி செய்து, அரை மணிக்கொருமுறை எவ்வளவு இறங்குகிறது என்று நான்கு மணி நேரம் குறித்துவாருங்கள். கடைசி அரை மணிக் கணக்கே முக்கியம். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலையின்படி, 25 மி.மீ. இறங்க 30 நிமிடத்துக்குள் ஆனால் உறை இறக்கிய உறிஞ்சு குழி போதும். 60 நிமிடம் வரை ஆனால், துளையிட்ட குழாயும் ஜல்லியும் இட்ட நீண்ட ஊறல் பள்ளம் வேண்டும். அதற்கும் மேலே போனால் உறை இறக்குவது வீண். அப்போது தரைக்கு மேலே வடிகட்டி அமைக்க வேண்டிவரும் என்பதால், அந்தச் செலவைச் சொல்லி மனையின் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நீர்மட்டத்தைச் சித்திரை வைகாசியில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் அக்கம்பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பாருங்கள். தரையிலிருந்து 180 செ.மீ.க்குள், அதாவது ஆறடிக்குள், தண்ணீர் தெரிந்தால் உறைக்குழி அங்கே ஆகாது. கழிவுநீர் நேரே நிலத்தடி நீரில் கலந்துவிடும். கடலோர மணலில் சிக்கல் வேறு விதம்: நீர் மிக வேகமாக இறங்குவதால் வடிகட்டப்படுவதே குறைவு.

இன்னொன்றையும் அளந்து பாருங்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர், வீட்டுக்கும் குழிக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அதே தரநிலை. உங்கள் மனையின் நீளமே 18.3 மீட்டர்தான். கிணறு ஒரு கோடியிலும் குழி மறு கோடியிலும் இருந்தாலும் இழுபறிதான். பின்மனைக்காரர் உங்கள் குழியை ஒட்டியே ஆழ்துளைக் கிணறு போட்டால் அந்தக் கணக்கும் கெட்டுவிடும். மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துச் சென்று, சுற்றியுள்ள மனைகளில் எங்கெங்கே கிணறும் குழியும் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.