எடை கூடியவர் ஜெயித்தால் பெல்ட் யாருக்கு?

அண்ணா, வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம், ஓசூரில் வேலை. என் தம்பி பாக்சிங் பழகுகிறான். அவனோடு உட்கார்ந்து பழைய சண்டைகளை யூடியூபில் பார்ப்பது வழக்கம். டெவின் ஹேனியோடு மோதிய ரயன் கார்சியா, அவரை மூன்று முறை கீழே விழ வைத்து ஜெயித்தார். ஆனால் சாம்பியன் பெல்ட் ஹேனியிடமே இருந்தது. கார்சியா எடை கூடுதலாக வந்ததுதான் காரணமாம். அடித்தவனுக்குப் பட்டம் இல்லை, அடி வாங்கியவன் சாம்பியன் என்றால் என்ன நியாயம்? ஒன்றரை கிலோவுக்கு இவ்வளவா? சாம்பியனைக் காப்பாற்ற எழுதிய விதி மாதிரி தெரிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

சாம்பியனும் அதே தராசில்தான் ஏற வேண்டும். 2022 செப்டம்பரில் ஷகூர் ஸ்டீவன்சன் 130 பவுண்டு பிரிவில் இரண்டு பெல்ட் வைத்திருந்தார். சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்த்தபோது 131.6 பவுண்டு. ஒரு குத்துகூட விழுவதற்கு முன்பே இரண்டும் போய்விட்டன. மறுநாள் சண்டையில் அவர் தெளிவாக ஜெயித்தும் திரும்பக் கிடைக்கவில்லை. பட்டம் காலியாகவே இருந்தது. எதிராளி ராப்சன் கான்சைசாவ் சரியான எடையில் வந்திருந்ததால், அவர் ஜெயித்திருந்தால் பெல்ட் அவருக்குப் போயிருக்கும். ஆக, சாம்பியன் எடை தவறினால் பட்டத்தை இழக்கிறார். சவால் விடுபவர் தவறினால் பட்டத்தை வெல்லும் வாய்ப்பை இழக்கிறார். அமைப்புக்கு அமைப்பு சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, அடிப்படை இதுதான்.

நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ‘60 கிலோ எடைப் பிரிவு’ என்று பேனர் கட்டியிருப்பார்கள். காலையில் மேசைக்குப் பக்கத்தில் எடை மிஷின். அதற்கு முன்னால் நாலைந்து பையன்கள் ஜெர்கினை மாட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். ஏறி நின்று முள் சரியாக நின்றால் கையில் பேனாவால் ஒரு குறி. குறி இல்லாத கை கோட்டுக்குள் வர முடியாது. அவன் எவ்வளவு பெரிய ரைடராக இருந்தாலும் அந்தக் கோப்பை அவனுக்கானது இல்லை. ஹேனியின் பட்டமும் 140 பவுண்டுக்குள், அதாவது 63.5 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கானது. 2024 ஏப்ரலில் கார்சியா வந்தது 143.2 பவுண்டில். (பிறகு அவர் உடலில் ஆஸ்டரின் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது தெரிந்து, அந்த முடிவே செல்லாது என்றாகிவிட்டது. அது தனிக் கதை.)

‘ஒன்றரை கிலோவுக்கு இவ்வளவா’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். எடையைக் குறைப்பதில் கடைசி ஒன்றரை கிலோதான் கொடுமை. முதலில் போவது கொழுப்பும் உப்பும். கடைசியில் போவது வெறும் தண்ணீர். சோறில்லை, தண்ணீரில்லை, வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, பிளாஸ்டிக் உடுப்பு, வாயில் சுரக்கும் எச்சிலைக்கூடத் துப்புவது. ஒருவர் இதையெல்லாம் பட்டு எல்லைக்குள் வருகிறார். இன்னொருவர் மூன்று பவுண்டுக்கு முன்னாலேயே போதும் என்று நிறுத்திக்கொள்கிறார். மறுநாள் மேடையில் இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை கிலோ மட்டும் இல்லை. ஒருவரின் கால் தளர்ந்திருக்கும், இன்னொருவரின் கால் ஓடும். அதனால் பட்டம் கைமாறாதது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இந்த விதி பெல்ட்டைக் காக்கிறது, பெல்ட் கட்டியவரைக் காக்கவில்லை.

டியாகோ கொராலஸ், ஹோசே லூயிஸ் காஸ்டியோ இருவரும் 2005 மே 7 அன்று மோதிய சண்டையைத் தம்பி பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். பத்தாவது ரவுண்டில் இரண்டு முறை கீழே விழுந்த கொராலஸ், எழுந்து அதே ரவுண்டிலேயே சண்டையை முடித்தார். அக்டோபரில் மறுபடி மோதல். 135 பவுண்டு பிரிவுக்கு காஸ்டியோ 138.5 வந்தார். எடை பார்க்கும்போது அவர் தரப்பு மருத்துவர் தன் காலைத் தராசுக்கு அடியில் நுழைத்து ஏமாற்றப் பார்த்துப் பிடிபட்டார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பட்டம் இல்லாத சண்டையாக நடத்தினார்கள். நாலாவது ரவுண்டில் கொராலஸ் நாக் அவுட். பெல்ட் பத்திரமாக அவரிடமே இருந்தது. ஆனால் அந்தக் குத்தை வாங்கிய தலை அவருடையதுதானே?

2006 ஜூனில் மூன்றாவது சண்டைக்கு காஸ்டியோ நாலரை பவுண்டு கூடுதலாக வந்தார். கொராலஸ் முடியாது என்றார், சண்டை ரத்தானது. அதே ஆண்டு அக்டோபரில் ஜோயல் காசமயோருக்கு எதிராகக் கொராலஸே நாலு பவுண்டு கூடுதலாக வந்து தராசில் பட்டத்தை இழந்தார். எடை குறைப்பது அவ்வளவு பெரிய வீரரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

‘எடை தவறியவரோடு மோத கொராலஸ் சம்மதித்துத்தானே மேடை ஏறினார்’ என்பார்கள். எப்படிச் சம்மதிக்காமல் இருப்பார்? டிக்கெட் விற்றாகிவிட்டது, டிவி வந்தாகிவிட்டது. பயிற்சிக்குச் செலவழித்த மாதங்களின் கூலி, கோச்சின் பங்கு எல்லாம் அந்த ஒரு இரவின் பணத்தில்தான் இருக்கிறது. மறுத்தால் சரியான எடையில் வந்தவரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எடையில் சரியாக வந்தவர் மறுத்தாலும் அவர் பணம் முழுதாகக் கைக்கு வர வேண்டும். அந்தச் செலவு எடை தவறியவர் தலையில் விழ வேண்டும். அப்போதுதான் அதைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

கடைசி நாளில் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக முன்கூட்டியே பார்ப்பதும் நல்ல வழி. பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி (உலக பாக்சிங் கவுன்சில்) 30 நாளுக்கு முன் எல்லையைவிட 10 சதவீதத்துக்கு மேலும், 7 நாளுக்கு முன் 5 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. இதைக் கறாராகப் பிடித்தாலே பாதித் தொல்லை தீரும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அமெச்சூர் பாக்சிங்கில் எடை கூடினால் அபராதம் கட்டி, பேரம் பேசிச் சண்டையை நடத்துவது கிடையாது. சண்டை உள்ள ஒவ்வொரு நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள். கூடினால் எதிராளிக்கு வாக் ஓவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த இறுதிப் போட்டியன்று காலை வினேஷ் போகத்துக்கு 100 கிராம் கூடியதும் பதக்கமே போனதும் நமக்கெல்லாம் தெரியும். அதைப் பார்த்து பயந்து பிள்ளைகள் தண்ணீரை நிறுத்துவதுதான் எனக்குக் கவலை. 1997இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூன்று பேர் எடை குறைக்கும்போதே இறந்தார்கள். 2015இல் யாங் ஜியான் பிங் என்ற சீன வீரரும் அப்படியே இறந்தார். யாருக்கும் எதிராளியின் கை படவே இல்லை.

தம்பி வளர்கிற வயது என்றால், சாதாரணமாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கும் நாளில் என்ன எடையோ அதற்கேற்ற பிரிவில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கோச் ஒரு பிரிவு கீழே இறங்கச் சொன்னால், எத்தனை வாரத்தில், என்ன சாப்பிட்டு என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். ‘கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்திவிடலாம்’ என்று பதில் வந்தால், அந்தப் போட்டிக்கு அவனை அனுப்பாதீர்கள்.

அன்புடன்.