ஹாலிவுட் நடிகை ரீட்டா மொரேனோ ஒரே ஒரு படத்தால ஃபேமஸ் ஆனவங்கதானே, ஏன் இவ்ளோ கொண்டாடுறாங்க?

நீங்க வெஸ்ட் சைட் ஸ்டோரி, அதான் நியூயார்க்ல போர்ட்டோ ரிக்கோ பசங்களோட கேங் சண்டை வர்ற அந்த பாட்டுப் படம், அது மட்டும்தான் பாத்திருப்பீங்கன்னு நெனைக்கிறேன். கேள்விய பாத்ததும் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, அதான் எழுதுறேன்.

1931ல போர்ட்டோ ரிக்கோங்கற கரீபியன் தீவுல பொறந்து, சின்ன வயசுல அம்மாவோட நியூயார்க் வந்து, 13 வயசுலயே பிராட்வே மேடை ஏறினவங்க. அந்த படத்துல நடிச்சதுக்கு 1962ல ஆஸ்கர் கெடச்சுது, ஆனா அதுக்கப்புறம் வந்த வாய்ப்பெல்லாம் அதே கேங் கதை, அதே ஆக்சென்ட், போதும்டா சாமின்னு தள்ளிட்டு நாடகம், டிவின்னு போயிட்டாங்க. அந்த படத்துலயே போர்ட்டோ ரிக்கோ ஆளா வர்ற எல்லாருக்கும் ஒரே அடர் பிரவுன் மேக்கப்தான், எங்காளுங்க பல நிறத்துல இருப்பாங்கன்னு இவங்க சொல்லியும் எடுபடல.

இந்த எடத்துலதான் எனக்கு வலிக்கும். நான் நியூ ஜெர்சில எங்க சங்கத்து நாடகத்துல நடிக்கிறவ. வேலைக்காரி வேஷம்னா கண்ண மூடிட்டு என்னத்தான் கூப்பிடுவாங்க, நான் கருப்புங்கறதால. ஒரு பொங்கல் விழாவுல ஹீரோயினுக்கு கோட் மேல கோட்டா அப்பிட்டு என்கிட்ட வந்த மேக்கப் அக்கா, “உனக்கு எதுவும் வேணாம்மா, இப்பவே கேரக்டர் மாதிரிதான் இருக்க”ன்னாங்க. சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. ஹாலிவுட் நடிகையோட உன்ன ஒப்பிடுறியான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, ஒப்பிடல, அந்த அவமானம் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும்னு மட்டும்தான் சொல்றேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். 1971லேருந்து தி எலெக்ட்ரிக் கம்பெனின்னு குழந்தைங்களுக்கு படிக்க சொல்லிக்குடுக்கற டிவி ஷோ, அதோட ஆல்பத்துக்கு கிராமி. 1975ல மேடைக்கு டோனி. 1977ல தி மப்பெட் ஷோங்கற பொம்மலாட்ட டிவி ஷோவுக்கு எமி. ஆஸ்கர், கிராமி, டோனி, எமின்னு இந்த நாலு விருதும் வாங்கின மூணாவது ஆள் இவங்க. அப்புறம் ஓஸ் சீரியல்ல ஜெயில்ல வேலை பாக்கற கன்னியாஸ்திரி. 85 வயசுக்கு மேல ஒன் டே அட் எ டைம்ல பாட்டி, திரைச்சீலைய படார்னு விலக்கிட்டு ராணி மாதிரி வருவாங்க பாருங்க! 2021ல அதே வெஸ்ட் சைட் ஸ்டோரிய திரும்ப எடுத்தப்போ வேற கேரக்டர்ல நடிச்சாங்க, தயாரிப்புலயும் இருந்தாங்க.

இதுக்கப்புறமும் ஒரே படம்னு தோணுச்சுன்னா அந்த மப்பெட் ஷோ பாட்ட தேடிப் பாருங்க. டிரம்ஸ் அடிக்கற பொம்மை நடுவுல நடுவுல சத்தம் போட்டு கெடுக்கும், இவங்க சுருதி வெலகாம முறைச்சுக்கிட்டே பாடி, கடைசில சிம்பல்ஸ எடுத்து அதோட தலையிலயே ஒண்ணு வப்பாங்க.