டயல் டோன் வருது, சுத்தினா நம்பர் போகல: பழைய ஐ.டி.ஐ. போன்

தாத்தாவின் பழைய ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) சுற்று டயல் போனை பைபர் மோடத்தில் மாட்டினால் நம்பர் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் கோளாறில்லை, மோடத்துக்குத்தான் அதன் பாஷை புரியவில்லை. நடுவில் பல்ஸை டோனாக மாற்றும் சின்னப் பெட்டி (பல்ஸ் டு டோன் கன்வர்ட்டர்) ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது.

மணி அடிக்கிறது, வரும் காலில் பேச முடிகிறது, சுற்றினால் மட்டும் டயல் டோன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்று டயலில் 3 போட்டால் லைன் 3 முறை அறுந்து சேரும், அதுதான் பல்ஸ். 0 என்றால் 10 முறை. பழைய எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொண்டது. இப்போதைய மோடம் பலவும் பட்டன் போனின் டோனை மட்டுமே கேட்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை:

1. அதே லைனில் ஒரு பட்டன் போனையும் சேர்த்து மாட்டுங்கள்.
2. தாத்தா போனின் ரிசீவரை எடுத்துவைத்து, பட்டன் போனின் ரிசீவரையும் எடுத்து அதில் நம்பரை அழுத்துங்கள்.
3. கால் போய், பழைய ரிசீவரில் பேச முடிந்தால், மோடத்துக்குப் பல்ஸ்தான் புரியவில்லை என்பதில் சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு வழி, சாதாரண போனை இணையத்தில் இணைக்கும் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.801 போன்ற அடாப்டர்; அதில் பல்ஸைப் புரிந்துகொள்ளும் வசதி உண்டு. ஆனால் அதற்கு உங்கள் சிப் (SIP, இணையம் வழியாகப் போன் பேசும் முறை) கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். இணைப்பு தருபவர் கொடுப்பாரா என்று முதலில் கேளுங்கள், பிறகு காசைப் போடுங்கள்.

ஒன்று கவனம்: 0 சுற்றி விட்டால் டயல் ஒரே சீராக, ஏறக்குறைய 1 வினாடியில் திரும்ப வேண்டும். கிரீஸ் காய்ந்து திக்கித் திக்கி வந்தால் எந்தப் பெட்டியும் தப்பாகத்தான் எண்ணும். மூடியைத் திறப்பதானால் லைனைக் கழற்றிவிடுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் கம்பியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும்.