ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்ச பொண்ணு ஆப்பிரிக்காவுல வேலை பாக்கணும்னு சொல்றா, அனுப்பலாமா?

வணக்கம் சார். உங்க மெயில் முழுசா படிச்சேன். பாப்பா பி.எஸ்ஸி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஃபைனல் இயர், கேம்பஸ்ல ஒரு அனலிடிக்ஸ் கம்பெனி ஆஃபர் கையில இருக்கு, ஆனா அவ ஆப்பிரிக்க நாடுகள்ல சென்ஸஸ், சர்வே, அரசாங்கப் புள்ளிவிவரம் இந்த மாதிரி வேலைக்குத்தான் போவேன்னு பிடிவாதமா இருக்கா, இதெல்லாம் ஒரு வேலையா, எதிர்காலம் இருக்கா, பத்திரமா இருப்பாளான்னு கேட்டிருக்கீங்க. நேராவே சொல்லிடறேன். இது நிஜமான வேலை, ஆள் தேவை நிறைய இருக்கற வேலை. ஆனா டிகிரி முடிச்ச கையோட ஃப்ளைட் ஏற முடியாது, நாலஞ்சு வருஷம் இங்கயே கத்துக்கிட்டுத்தான் போகணும்.

தேவை எவ்ளோன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. காங்கோ ஜனநாயகக் குடியரசு, பரப்பளவுல ஆப்பிரிக்காவுலயே ரெண்டாவது பெரிய நாடு, அங்க கடைசியா சென்ஸஸ் எடுத்தது 1984ல. அப்ப பொறந்த குழந்தைக்கு இப்ப நாப்பது வயசு தாண்டிருச்சு. அங்க இத்தன கோடி பேர் இருக்காங்கன்னு நாம படிக்கறதெல்லாம் கணிப்புதான், அதுக்கப்புறம் யாரும் வீடு வீடாப் போய் எண்ணினது இல்ல. நைஜீரியாவுல கடைசி சென்ஸஸ் 2006, 2023ல எடுக்கறதா இருந்து தள்ளிப் போயிருச்சு. எத்தியோப்பியாவுல 2007. நம்ம நாட்டுலயும் 2011க்கு அப்புறம் 2027தான், அதனால யாரையும் குறைச்சு சொல்ல இத எழுதல. ஒரு மாவட்டத்துல அஞ்சு வயசுக்குக் கீழ எத்தன குழந்தைங்கன்னே தெரியலன்னா, தடுப்பூசி 80 சதவீதம் போட்டாச்சுன்னு எத வச்சு சொல்லுவீங்க? எத்தன டீச்சர், ஆஸ்பத்திரில எத்தன பெட், எவ்ளோ அரிசின்னு எல்லாமே அந்த ஒரு எண்ணுல வந்து நிக்குது.

ஜிடிபி கதையும் இதேதான். கானாவுல 2010 நவம்பர்ல அடிப்படை வருஷத்த, அதாவது எந்த வருஷத்து விலையையும் தொழில்களையும் அளவுகோலா வச்சு கணக்கு போடறாங்களோ அந்த வருஷத்த, 1993லருந்து 2006க்கு மாத்துனாங்க, பொருளாதாரம் அதுவரைக்கும் சொல்லிட்டிருந்தத விட 60 சதவீதம் பெருசுன்னு தெரிய வந்துச்சு, ஏழை நாடுங்கற லிஸ்ட்லருந்து அப்படியே நடுத்தர வருமான நாடுகள் லிஸ்ட்டோட கீழ்த்தட்டுக்குப் போயிருச்சு. நைஜீரியா 2014 ஏப்ரல்ல 1990ங்கற அடிப்படைய 2010க்கு மாத்துச்சு, 2013க்கான ஜிடிபி 89 சதவீதம் ஏறி சுமார் 51,000 கோடி டாலர் ஆச்சு, தென்னாப்பிரிக்காவத் தாண்டிருச்சு. 1990 கணக்குல மொபைல் ஃபோன் கம்பெனிகளும் நோலிவுட்ங்கற நைஜீரிய சினிமாவும் எங்க இருக்கும் சொல்லுங்க? அத்தன வருஷமா அந்த ஜனங்க உழைச்சது கணக்குலயே வராம கிடந்திருக்கு. எந்த வட்டிக்கு கடன் கிடைக்கும், என்ன உதவி கிடைக்கும்ங்கறதெல்லாம் இந்த எண்ண வச்சுத்தான் முடிவாகுதுன்னு நெனச்சுப் பாத்தீங்கன்னா பாப்பா ஏன் இவ்ளோ ஆசப்படறான்னு உங்களுக்கே விளங்கும்.

இப்ப அவகிட்ட நான் கேக்க நெனைக்கறது ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மாடல் போடறதுக்காக போறாளா, இல்ல அந்த எண் எங்க உருவாகுதோ அந்த இடத்துல வேலை செய்யப் போறாளா? ஏன்னா கஷ்டமெல்லாம் ரெண்டாவதுலதான் இருக்கு. நைஜீரியாவுல ஒரு குடும்பம் போன வாரம் எவ்ளோ அரிசி வாங்குச்சுன்னு கேட்டா கிலோவுல பதில் வராது. வடக்குல முடுன்னு ஒரு பாத்திரத்துல அளக்கறாங்க, தென்மேற்குல காங்கோன்னு ஒரு அளவு, சில ஊர்ல டெரிக்கான்னு ஒரு டின், தக்காளின்னா கூறு கட்டி விக்கறாங்க. நம்ம பாட்டிங்க படியில அளந்த மாதிரிதான், ஊருக்கு ஊர் அளவு வேற. அதனால சர்வே டீம் ஒவ்வொரு சந்தைக்கும் தராசு தூக்கிட்டுப் போய், அந்தப் பாத்திரத்துல ஒரு அளவு அரிசி, ஒரு அளவு பீன்ஸ்னு நிறுத்துப் பாத்து எத்தன கிராம்னு ஒரு அட்டவணை போடணும், வீட்டுக்குப் போறப்ப சின்னது, நடுத்தரம், பெருசுன்னு ஃபோட்டோ காட்டி "நீங்க சொன்ன கூறு இதுல எது"ன்னு கேக்கணும். மரவள்ளி இன்னும் மோசம், ஒரே நாள்ல அறுவடை பண்ண மாட்டாங்க, மாசக்கணக்குல தேவைப்படறப்ப ரெண்டு கிழங்கு பிடுங்குவாங்க, வருஷத்துக்கு எவ்ளோ வெளஞ்சுச்சுன்னு கேட்டா அந்தம்மா எப்படிங்க சொல்லும்? இந்த அட்டவணை தப்பாப் போனா வறுமைக்கோடு தப்பாகும், அதுக்கு மேல யாரு என்ன மாடல் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. இத படிச்சப்போ பாப்பாவுக்கு ஆர்வம் கூடுச்சுன்னா அவ சரியான வேலையத்தான் பிடிச்சிருக்கா, போர் அடிச்சுதுன்னா கம்பெனி ஆஃபர எடுத்துக்கட்டும், அதுலயும் தப்பே இல்ல.

இன்னொரு விஷயத்த அவ மனசுல நல்லா பதிய வைங்க. அங்க ஆள் இல்லாம நாம போய் காப்பாத்தப் போறோம்ங்கற நெனப்பு கூடவே கூடாது. அபிஜான்ல, டக்கார்ல, யாவுண்டேல, தார் எஸ் ஸலாம்ல எல்லாம் இதுக்குன்னே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கல்லூரிங்க இருக்கு, நல்ல நல்ல ஆளுங்க வெளிய வர்றாங்க. பிரச்சன என்னன்னா அரசாங்க ஆஃபீஸ்ல சம்பளம் கம்மி, ரெண்டு சர்வே நடத்தி கை தேர்ந்ததும் பேங்க்கோ ஐ.நா அமைப்போ கூட்டிட்டுப் போயிடும். பட்ஜெட்ல சர்வேக்குக் காசு இருக்காது, வெளிநாட்டு உதவி வந்தாத்தான் நடக்கும், காசு குடுக்கறவங்க அவங்கவங்களுக்கு வேணும்ங்கற சர்வேயத்தான் கேப்பாங்க, விவசாய அமைச்சகம் ஒரு கணக்கு வச்சிருக்கும் சுகாதாரம் ஒண்ணு வச்சிருக்கும் ரெண்டும் ஒத்துப் போகாது. வெளியிலருந்து வந்த கன்சல்டன்ட் தானே உக்காந்து ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா அடுத்த சர்வேக்கு மறுபடி இன்னொரு கன்சல்டன்ட்தான் வரணும். பக்கத்துல உக்காந்து கோட் எழுதக் கத்துக் குடுத்து, அடுத்த ரவுண்ட அவங்களே நடத்தற அளவுக்கு விட்டுட்டு வர்றவங்கதான் என் பார்வையில இந்த வேலைய ஒழுங்கா செஞ்சவங்க.

அரசியல் அழுத்தமும் இருக்கும். டான்சானியாவுல 2018ல சட்டத்த திருத்தி, அரசாங்கப் புள்ளிவிவரத்துக்கு எதிரா எண்ண வெளியிட்டா குற்றம்ங்கற மாதிரி கொண்டு வந்தாங்க, பெரிய எதிர்ப்பு வந்து 2019ல அத மாத்துனாங்க. ஆப்பிரிக்க யூனியன் 2009லயே புள்ளிவிவரத்துக்குன்னு ஒரு சாசனம் போட்டு, கணக்கு எடுக்கறவங்களுக்கு சுதந்திரம் வேணும்னு எழுதி வச்சிருக்கு. அந்த சுதந்திரம் நடைமுறையில எப்படி இருக்கும்னா தென்னாப்பிரிக்காவ பாருங்க, 2022 சென்ஸஸ்ல 31 சதவீதம் பேர் விட்டுப்போயிட்டாங்கன்னு பின்னாடி நடத்துன சர்வேல தெரிஞ்சப்போ அவங்க புள்ளிவிவர ஆஃபீஸே அத வெளிய சொல்லி, அதுக்கு ஏத்த மாதிரி கணக்க சரி பண்ணி வெளியிட்டுச்சு. எனக்கு அந்த ஆஃபீஸ் மேல மரியாதையே அதனாலதான்.

சரி, வழிக்கு வருவோம். முதல்ல எம்.எஸ்ஸி, அது இல்லாம இந்தத் துறையில வெளிநாட்டுக் கதவு திறக்காது. மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பண்ணலாம், கொல்கத்தா ஐ.எஸ்.ஐ, அதாவது இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட் என்ட்ரன்ஸ் எழுதலாம், அந்த கேம்பஸ்லயே 1950லருந்து ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு அரசு புள்ளிவிவர ஆஃபீசர்களுக்கு ட்ரெயினிங் குடுக்கற ஒரு சர்வதேச சென்டர் நடக்குது, அவங்க கூட பழகற வாய்ப்பே பெரிய விஷயம். மும்பை ஐ.ஐ.பி.எஸ் இன்னும் நெருக்கம், மக்கள்தொகைப் படிப்புக்குன்னே இருக்கற இடம், நம்ம தேசிய குடும்ப நல சர்வே நடத்தறது அவங்கதான். எந்த காலேஜ்னாலும் சாம்ப்ளிங் (எல்லாரையும் கேக்காம சில பேர தேர்ந்தெடுத்துக் கேக்கற முறை), டெமோகிராஃபி (மக்கள்தொகைக் கணக்கு) ரெண்டும் ஆழமா படிக்கணும். ஆர், ஸ்டேட்டாங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் ரெண்டுல ஒண்ணுல கை வேகமா ஓடணும். சி.எஸ்.ப்ரோன்னு சென்ஸஸ், சர்வே டேட்டா பதியற ஒரு சாஃப்ட்வேர், அமெரிக்க சென்ஸஸ் பீரோ இலவசமா குடுக்குது, சர்வே சொல்யூஷன்ஸ் உலக வங்கியோடது, அதுவும் இலவசம், ஆப்பிரிக்க ஆஃபீஸ்கள்ல டேப்லெட்ல ஓடறது பெரும்பாலும் இதுங்கதான். லீவுலயே வீட்டுல உக்காந்து கத்துக்கலாம், காசே செலவில்ல.

படிப்பு முடிஞ்சதும் ஃபீல்டு. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி சி.ஜி.எல் தேர்வு வழியா ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆஃபீசர் போஸ்டுக்கு எழுதச் சொல்லுங்க. யு.பி.எஸ்.சி நடத்தற ஐ.எஸ்.எஸ், அதாவது இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் சர்வீஸ் எக்ஸாம் 21லருந்து 30 வயசு வரைக்கும் எழுதலாம், எழுத்துத் தேர்வு 1000 மார்க், இன்டர்வியூ 200, குரூப் ஏ வேலை, ஆரம்ப பேசிக்கே 56,100. வருஷத்துக்கு சில பத்து இடங்கள்தான் வரும், போட்டி கடுமைதான். ஆனா ஒருத்தர் சர்வே டிசைன்லருந்து ரிப்போர்ட் வரைக்கும் முழுசா பாக்கற இடம் இது, பின்னாடி அரசாங்க அனுமதியோட சர்வதேச அமைப்புகளுக்கு டெபுடேஷன்லயும் போகலாம். உங்கள மாதிரி பயப்படற அப்பாக்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்த வழியத்தான், ஆப்பிரிக்கா அமையலன்னாலும் கையில நல்ல வேலை இருக்கும்.

ரெண்டு மூணு வருஷ அனுபவத்துக்கு அப்புறம் ஐ.நா வாலண்டியர், உலக வங்கி கன்சல்டன்ட் மாதிரி வாய்ப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். லண்டன்ல ஓ.டி.ஐ ஃபெல்லோஷிப்னு 1963லருந்து மாஸ்டர்ஸ் முடிச்ச இளைஞர்கள வளரும் நாட்டு அரசாங்க ஆஃபீஸ்கள்ல வேலைக்கு அனுப்புன ஒரு திட்டம், அந்தந்த வருஷம் அப்ளிகேஷன் எடுக்கறாங்களான்னு பாத்துட்டு அப்புறம் நம்புங்க.

ரிஸ்க்கையும் மறைக்காம சொல்லணும். இதுல முக்காவாசி கான்ட்ராக்ட் வேலை. டி.எச்.எஸ்னு அமெரிக்கா காசுல 1984லருந்து நடந்த சுகாதார சர்வே, எத்தனையோ ஆப்பிரிக்க நாட்டுல குழந்தை இறப்பு கணக்கே அதுலருந்துதான் வந்துட்டிருந்துச்சு, 2025 பிப்ரவரில அமெரிக்க அரசு நிறுத்திருச்சு, அனுபவம் உள்ளவங்களே வேலை இல்லாம நின்னாங்க. அதனால ஒரே ஃபண்ட நம்பி வாழ்க்கைய வைக்கக் கூடாது, ஒரு வருஷச் செலவுக்குக் காசு பேங்க்ல வச்சுக்கிட்டுத்தான் கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடணும்.

பாதுகாப்பு பத்தி கேட்டீங்க. ஆப்பிரிக்கா 54 நாடு சார், ருவாண்டாவோட கிகாலியும் கானாவோட அக்ராவும் ஒரு மாதிரி, சண்ட நடக்கற பகுதிங்க வேற மாதிரி. எந்த ஊரு, எந்த ஆஃபீஸ், தங்கற இடம் யாரு குடுக்கறாங்க, மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கான்னு ஒவ்வொரு ஆஃபருக்கும் தனித்தனியா கேளுங்க. மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி பல நாடுகளுக்கு கட்டாயம், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும்.

அப்புறம் ஃப்ரெஞ்ச். செனகல்லருந்து காங்கோ வரைக்கும் ஏகப்பட்ட நாடுகள்ல ஆஃபீஸ் மொழியே அதுதான், அது இல்லன்னா பாதி வாய்ப்பு கைவிட்டுப் போயிரும். சென்னை அலியான்ஸ் ஃப்ரான்செஸ்ல இப்பவே சேத்து விடுங்க, எம்.எஸ்ஸி முடியறதுக்குள்ள வேலை பாக்கற அளவுக்குப் பேசற பி2 லெவல் வந்துரலாம். வீட்டுல பணக் கஷ்டம் இருந்தா கம்பெனி ஆஃபர ஒரு வருஷம் எடுத்துக்கிட்டு, சாயங்காலம் ஃப்ரெஞ்சும் ஐ.எஸ்.எஸ் சிலபஸும் படிக்கட்டும், அதனால எதுவும் கெட்டுப் போகாது. இதுவரைக்கும் எழுதுன செமஸ்டர் மார்க்கும் ப்ராஜெக்ட் தலைப்பும் அனுப்பி வைங்க, எம்.எஸ்ஸிக்கு எங்கெங்க அப்ளை பண்ணலாம்னு பாத்து சொல்றேன்.