விமானப் படையிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு: பென்ஷனில் பாதியை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. விமானப் படையில் விங் கமாண்டர், 21 ஆண்டு சர்வீஸ். முதல் பத்து ஆண்டுகள் போர் விமானம் ஓட்டினேன். பிறகு தாம்பரத்தில் பயிற்றுநர் படிப்பு முடித்து, கியூஎஃப்ஐ (தகுதி பெற்ற விமானப் பயிற்றுநர்) ஆகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். முன்கூட்டியே ஓய்வு பெற்று, சிவில் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர நினைக்கிறேன். பறக்கும் மணிக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம் பேசுகிறார்கள். பென்ஷன் அடிப்படை 88,000 ரூபாய் வரும். கிராஜுவிட்டி 25 லட்சம், விடுப்புப் பணம் 18 லட்சம், டிஎஸ்ஓபி (படை அதிகாரிகளின் வருங்கால வைப்பு நிதி) 40 லட்சம். சேலையூர் வீட்டுக் கடனில் 32 லட்சம் பாக்கி, வட்டி 8.5 சதவீதம். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. பாதிப் பென்ஷனை கம்யூட் செய்யலாமா, அதாவது விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்கலாமா? ஏர்லைனுக்குப் போ, டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கு) 20 லட்சம் ஆகும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், தான் பங்குதாரராக உள்ள பயிற்சிப் பள்ளியில் 40 லட்சம் போடச் சொல்கிறார். எது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: கம்யூட் செய்யுங்கள். பள்ளியில் 40 லட்சம் போடாதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

படை அதிகாரிகள் பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம். உங்கள் வயதுக்கு, விட்டுக்கொடுக்கும் மாதத் தொகை 9 ஆண்டுக்குச் சற்று மேல் சேர்ந்தால் எவ்வளவோ, அது மொத்தமாகக் கையில் வரும். மாதம் 44,000 விட்டுக்கொடுத்தால் ஏறக்குறைய 47½ லட்சம். அந்த 44,000 உங்களுக்கு மறுபடி வருவது 15 ஆண்டு கழித்து. அதாவது 79 லட்சத்தை விட்டு 47½ லட்சம் வாங்குகிறீர்கள். கேட்டதும் நஷ்டம் போலத்தான் தெரியும். ஆனால் இதைக் கடனாக நினைத்துப் பார்த்தால் வட்டி ஏழரை சதவீதம்தான் வருகிறது. உங்கள் வீட்டுக் கடன் வட்டியை விட இதுவே குறைவு.

இதில் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதப் பென்ஷனுக்கு வருமான வரி உண்டு. மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் தொகைக்கு, அரசுப் பணியிலும் படையிலும் இருந்தவர்களுக்கு வரி கிடையாது. பென்ஷனும் பயிற்றுநர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 24 லட்சத்தைத் தாண்டினால் 30 சதவீத வரி விகிதத்துக்கு வந்துவிடுவீர்கள். அப்போது நீங்கள் விட்டுக்கொடுக்கும் 44,000-ல் வரி போக மிஞ்சியிருக்கக்கூடியது 31,000-தான். அந்தக் கணக்கில் இந்தக் கடனின் வட்டி சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 20 சதவீத வரி கட்டினாலும் 4 சதவீதம்தான். இந்த விலைக்கு வேறு யாரும் உங்களுக்குப் பணம் தர மாட்டார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, விலைவாசிக்கு ஏற்பப் பென்ஷனோடு சேரும் அகவிலை நிவாரணம். கம்யூட் செய்த பிறகும் அது முழுப் பென்ஷனான 88,000 மீதுதான் கணக்கிடப்படும். இப்போது அது 50 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ஆகவே பாதியை விற்ற பிறகும், வரிக்கு முன் மாதம் 88,000-க்குக் குறையாமல் வரும். குடும்ப ஓய்வூதியமும் இதனால் குறையாது. 15 ஆண்டுக்குள் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் வாங்கிய தொகையைக் குடும்பத்திடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

முன்கூட்டியே வெளியேறுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2015 நவம்பர் அரசாணைப்படி, சொந்த விருப்பத்தில் ஓய்வு கேட்டு வெளியேறுகிறவர்களுக்கு ஓஆர்ஓபி ('ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டம்) இல்லை. இதை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பறப்பதற்கென்று வரும் படியும் ஓய்வோடு நின்றுவிடும், பென்ஷன் கணக்கிலும் சேராது. (14 ஆண்டு குறுகிய காலப் பணியில் இருந்து வெளியே வருகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பென்ஷனே இல்லை. மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.)

சரி, வேலைக்கு வருவோம். பணத்தை மட்டும் பார்த்தால் ஏர்லைன்தான் ஜெயிக்கும். 65 வயது வரை ஓட்டலாம், சம்பளமும் அதிகம். ஆனால் நீங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி நான்கு வரியும், முதல் முறை தனியாகப் பறந்து இறங்கிய மாணவனின் முகத்தைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். அதை இங்கே சுருக்கிவிட்டேன், மன்னிக்கவும். சோறு போட ஒரு பென்ஷன் இருக்கும்போது, பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பின்னால் மனம் மாறி ஏர்லைனுக்குப் போவதாக இருந்தாலும், வேலைக் கடிதம் கையில் வராமல் டைப் ரேட்டிங்குக்கு ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

பயிற்றுநர் சம்பளத்தில் எனக்கு இருக்கிற கவலை, அந்த மணிக்கணக்குதான். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஓய்வு பெற்ற பைலட் ஒருவர் சட்டைப் பையில் சின்ன டைரி வைத்திருப்பார். ஒருநாள் அதைத் திறந்து மேசையில் வைத்தார். பிப்ரவரியில் 74 மணி. ஜூலையில் 21. ஆகஸ்டில் 19, அதன் பக்கத்தில் பென்சிலில் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தது. வட இந்தியாவில் விமானப் பயிற்சி நடக்கும் பர்சத்கஞ்ச் மாதிரி இடங்களில் மழை போனால் பனிமூட்டம் வரும். வானிலையை விட்டால் என்ஜின் பழுது, உதிரிபாகம் வராத வாரம், மாணவர்கள் கட்டணம் கட்டாத மாதம். இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு வந்து காத்திருப்பார், ஆனால் விமானம் கிளம்பினால்தான் காசு. ஆகவே ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச மணிக்கான சம்பளம் என்று ஒரு தொகையை எழுதி வாங்குங்கள். 40 மணிக்காவது கேளுங்கள். தரை வகுப்புக்கும் பறப்புக்கு முன்னும் பின்னும் மாணவனோடு பேசும் நேரத்துக்கும் காசு உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டுச் செலவை பென்ஷனுக்குள் அடக்குங்கள். மணிக்கணக்கில் வரும் பணம் சேமிப்புக்கு மட்டும் போகட்டும்.

நண்பரின் 40 லட்சம் யோசனையை நான் வேண்டாம் என்பதற்கும் இதே டைரிதான் காரணம். விமானம் பறக்காத மாதத்தில் உங்கள் சம்பளமும் வராது, முதலீட்டின் லாபமும் வராது. இரண்டும் ஒரே ஓடுபாதையில் நிற்கும். செஸ்னா 172 பயிற்சி விமானத்தில் இருக்கும் லைகமிங் என்ஜினுக்கு 2,000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை முழு ஓவர்ஹால் செய்ய வேண்டும். அதற்குப் பெரிய தொகையைத் தனியே எடுத்து வைக்காத பள்ளி, லாபம் வருகிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். நண்பர் நல்லவராக இருக்கலாம். ஆனால் படையை விட்டு வெளியே வருகிறவரிடம் மொத்தப் பணம் இருப்பது ஊருக்கே தெரியும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு யாருக்கும் 'சரி' சொல்லாதீர்கள்.

வரிசை ரொம்ப முக்கியம். முதலில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்கும் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. போர் விமானத்தில் பத்து ஆண்டு உட்கார்ந்த முதுகு உங்களுடையது. படையின் மருத்துவத் தகுதி சிவிலுக்குத் தானாக வந்துவிடாது. அப்புறம் தேர்வுகள், ரேடியோ டெலிஃபோனி (விமான ரேடியோவில் பேசுவதற்கான உரிமம்), வணிக விமானி உரிமம், பயிற்றுநர் ரேட்டிங். படையில் பறந்த மணிகள் கணக்கில் வரும், உரிமத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். இவை கைக்கு வந்த பிறகு ஓய்வு விண்ணப்பம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே செய்தால் ஓராண்டு தாமதமானாலும் வீடு தாங்கும்.

காப்பீட்டில் அவசரப்படாமல் படித்துப் பாருங்கள். சாதாரண விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில், விமானத்தில் பயணியாகச் சென்றால் மட்டுமே இழப்பீடு. ஓட்டும்போது நடந்தால் கிடையாது. உங்கள் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தின் சாதாரண விகிதம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், உங்கள் கணக்கில் சுமார் 53,000 ரூபாயும் அதற்கு அகவிலை நிவாரணமும். பிள்ளைகள் படிப்பு முடியும் வரை அது போதாது. பயிற்றுநர் வேலையை மறைக்காமல் சொல்லி ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள், கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டுங்கள். மருத்துவத் தகுதி போனால் ஈடு தரும் லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டைப் பள்ளி தருகிறதா என்றும் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கு முன்னாள் படையினருக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்ட அட்டை இருக்கும்.

கிராஜுவிட்டி, விடுப்புப் பணம், டிஎஸ்ஓபி, கம்யூட்டேஷன் எல்லாம் சேர்த்து மொத்தம் 130 லட்சம் கையில் வரும். வீட்டுக் கடனை முதல் வாரத்திலேயே அடைத்துவிடுங்கள். மகளின் கல்லூரிக்கு 20 லட்சம் வங்கி வைப்பில், பங்குச் சந்தைப் பக்கமே போகாமல். உரிமச் செலவுக்கும் அவசரத்துக்கும் 15 லட்சம். மீதி 63 லட்சத்தில் மகனின் படிப்புக்கான பங்கு உட்பட 35 லட்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டுகளில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டுகள்) 18 மாதங்களாகப் பிரித்துப் போடுங்கள், மற்றதை அரசுப் பத்திரங்களிலும் வைப்பிலும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் படையில் ஓய்வு பெற்றவர்களுக்கு 50 வயதிலேயே திறக்கும், எட்டு ஆண்டு கழித்து அதில் 30 லட்சம் வரை மாற்றிக்கொள்ளலாம்.

மருத்துவப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். பள்ளியின் ஒப்பந்த வரைவையும் சேர்த்து அனுப்பினால், கையெழுத்துக்கு முன் எந்த வரியைத் திருத்தச் சொல்லலாம் என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.